செல்லமும் பொறுப்பும்: வீட்டு விலங்குகள் குறித்த தமிழ்ச் சொல்லாட்சி – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

'நாயை விட்டுவிட்டார்கள்' என்பது எளிய தமிழ்த் தொடர். பெங்களூருவின் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ தமிழ் பேசும் வீடொன்றின் வாசலில் இத்தொடர் சொல்லப்படுமாயின், அது குறைந்தது நான்கு செய்திகளுள் ஒன்றைக் குறிக்கலாம். மாநகராட்சியினர் பிடித்துச் சென்ற நாயைக் கருத்தடை செய்து அதே தெருவில் மீண்டும் கொண்டுவந்து சேர்த்தனர் என்பது ஒன்று. வீடு மாற்றிச் சென்ற குடும்பத்தார் தாம் வளர்த்த நாயைத் தெருவில் கைவிட்டுப் போயினர் என்பது மற்றொன்று. கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டனர் என்பதும், பிடிக்க வந்தோர் பிடிக்காமல் திரும்பினர் என்பதும் ஏனைய இரண்டு. இவற்றுள் முதலாவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள் பணிக்கும் கடமை. இரண்டாவது, அதே சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகக் கூடியது. கடமையையும் குற்றத்தையும் ஒரே வினை சுட்டுகிறது. பேச்சில் சூழல் பொருளைத் தெளிவுபடுத்திவிடும். சூழலற்ற எழுத்தில், குறிப்பாக அறிவிப்பிலும் சட்ட மொழிபெயர்ப்பிலும், அத்தெளிவு கிட்டுவதில்லை.

வீட்டு விலங்குகளைப் பற்றியும் அவற்றைப் பேணும் பொறுப்பைப் பற்றியும் இன்றைய தமிழில் பெருவழக்காகியுள்ள சில சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அன்பைக் கூறும் சொற்கள் தமிழில் வளமாக உள்ளன; பொறுப்பைக் கூறும் சொற்களும் உள்ளன; ஆயின் மொழிபெயர்ப்பு வழக்கு முன்னவற்றையே தேர்ந்து பின்னவற்றை ஒதுக்கிவிட்டது என்பது இதன் மையக் கருத்து. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் பெங்களூரு இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது.

1. சட்டமும் நகரமும்

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பிறப்பு வரலாறு தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இச்சட்டத்திற்கு வழிகோலியது. இச்சட்டத்தின்படி 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியம், 2018இல் அரியானாவிலுள்ள பல்லப்கருக்கு மாற்றப்படும்வரை, சென்னையிலேயே இயங்கியது. இச்சட்டம் விதிக்கும் தண்டம் மிகச் சிறிது: முதற் குற்றத்திற்கு 10 முதல் 50 ரூபாய் வரை. தண்டம் இத்துணைச் சிறிதாயிருக்கையில், சட்டத்தின் ஆற்றல் பெரும்பாலும் அது மக்கள் மனத்தில் ஊன்றும் சொல்லிலேயே தங்கியுள்ளது எனலாம்.

பெங்களூருவில் இச்சொற்கள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. கிறிஸ்டல் ரோஜர்ஸ் 1991இல் இந்நகரில் விலங்கு நல அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். 2007இன் தொடக்கத்தில் இரு குழந்தைகள் தெருநாய்களால் கடியுண்டு இறந்தபின், நாய்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டன, பல கொல்லப்பட்டன, விலங்கு நல அமைப்புகள் இதனை எதிர்த்தன. 2018இல் அடுக்ககக் குடியிருப்புக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று நாய்கள் என வரையறுத்த துணைவிதிகள் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாக நிறுத்திவைக்கப்பட்டன. மாநகராட்சியின் கணக்கெடுப்பு 2019இல் ஏறத்தாழ 3.10 லட்சம் தெருநாய்களையும் 2023இல் ஏறத்தாழ 2.79 லட்சம் தெருநாய்களையும் காட்டியது. இத்துணை எண்ணிக்கையிலான உயிர்களோடு ஒரு நகரம் எவ்வாறு வாழவேண்டும் என்பதைக் கூறும் விதிகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. தமிழ் பேசுவோரை அவை செய்தித்தாள், குடியிருப்போர் சங்க அறிவிப்பு, வாய்மொழி விளக்கம் ஆகியவற்றின் வழியே, அதாவது ஏதேனும் ஒருவகை மொழிபெயர்ப்பின் வழியே, சென்றடைகின்றன.

2. செல்லமும் வளர்ப்பும்

ஆங்கிலச் சொல்லான 'பெட்' என்பதற்கு இன்று தமிழில் பெருவழக்காக உள்ள ஈடு 'செல்லப்பிராணி'. செல்லம் என்னும் சொல் தமிழில் குழந்தை வளர்ப்பைச் சார்ந்தது. 'செல்லப்பிள்ளை', 'செல்லம் கொடுத்தல்', 'செல்லம் கொஞ்சுதல்' என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. இவற்றுள் 'செல்லம் கொடுத்தல்' என்பது கண்டிப்பின்மையையும், அதனால் விளையும் கேட்டையும் உணர்த்துவது. பிள்ளை செல்லத்தால் கெட்டது என்று கூறும் மொழியில், விலங்கைச் செல்லத்தால் வரையறுப்பது, அதனைப் பேணும் ஒழுங்கினின்றும் விலக்கிக் கொஞ்சலுக்குரிய பொருளாக மட்டும் காட்டிவிடுகிறது.

இதற்கு மாறாக 'வளர்' என்னும் வினையினின்று பிறந்த 'வளர்ப்பு' என்னும் சொல் தமிழில் நெடுநாள் வழக்குடையது. வளர்ப்பு மகன், வளர்ப்புத் தாய், வளர்ப்பு நாய் என்னும் தொடர்களில் ஒரே பெயரடை வருவதைக் காணலாம். வளர்த்தல் என்னும் பிறவினை ஒரு வினைமுதலை வேண்டி நிற்பது. செய்பவர் யார் என்ற வினாவை எழுப்புவது. கால நீட்சியையும் உடையது. 'உன் வளர்ப்பு சரியில்லை' என்னும் பழிப்புரை வளர்ந்தவரைச் சாடுவதினும் வளர்த்தவரையே மிகுதியாகச் சாடுகிறது. பொறுப்பு என்னும் கருத்து இச்சொல்லின் உள்ளேயே பொதிந்துள்ளது.

பெங்களூருவில் தமிழ் எழுதுவோர்க்கு இவ்வகையில் ஒரு நல்ல மாதிரி அருகிலேயே கிடைக்கிறது. கன்னடத்தில் பெருவழக்கான சொல் 'சாகுப்பிராணி'. 'சாகு' என்பது வளர்த்தல், பேணுதல் எனப் பொருள்படும் வினை. வளர்ப்பு மகனைச் 'சாகுமக' என்றும் வளர்ப்புத் தாயைச் 'சாகுதாயி' என்றும் கன்னடம் கூறும். தமிழின் 'வளர்ப்பு' நிற்கும் இடங்களிலெல்லாம் கன்னடத்தின் 'சாகு' நிற்கிறது. இரு மொழிகளும் விலங்குப் பெயர்களிலும் உறவுடையவை: தமிழ் 'நாய்' கன்னடத்தில் 'நாயி', காட்டுப்பூனையையும் ஆண்பூனையையும் குறிக்கும் தமிழ் 'வெருகு' என்பதன் இனச்சொல்லே பூனையைக் குறிக்கும் கன்னடப் 'பெக்கு'. உறவுமொழி தன் வினையடிச் சொல்லை இழக்காமல் வைத்திருக்க, தமிழ் தனக்குரிய அதே அமைப்புச் சொல்லைப் பின்தள்ளி ஆங்கிலச் சொல்லின் அன்புக்கூற்றை மட்டும் பெயர்த்துக்கொண்டது.

3. திணை மயக்கமும் அதன் எல்லையும்

வீட்டு நாயைப் பற்றிய தமிழ்ப் பேச்சில் உயர்திணை வடிவங்கள் இயல்பாக வருகின்றன. 'டாமி சாப்பிட்டானா?', 'அவனுக்கு உடம்பு சரியில்லை', 'எங்கே ஒளிந்துகொண்டாள்?' என்பன அன்றாட வழக்குகள். பெங்களூரு வீடுகளில் இதனோடு மொழிக்கலப்பும் சேர்கிறது. 'சிட்', 'கம்', 'நோ' எனக் கட்டளை ஆங்கிலத்தில் அமையும்; மருத்துவரிடம் பேச்சு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நிகழும்; கொஞ்சல் மட்டும் தமிழில் எஞ்சும். 'கண்ணு', 'தங்கம்', 'ராஜா' எனக் குழந்தைக்குரிய விளிகள் அனைத்தும் நாய்க்கும் பூனைக்கும் உரியவாகின்றன.

இதனை மரபிலக்கணம் அறியாதது அன்று. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. வீட்டுப் பசுவைத் தாயாகக் கருதிப் பெண்பால் வினையால் கூறுதலை உரையாசிரியர்கள் மகிழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகத் தருவர். அந்தப் பசு இருந்த இடத்தில் இன்று அடுக்ககத்து நாய் இருக்கிறது. இலக்கண நிலை மாறவில்லை.

ஆயினும் இவ்விதியின் தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. இங்குத் திணையை மாற்றுவது விலங்கின் இயல்பு அன்று, பேசுபவரின் மனநிலை. மகிழ்ச்சி இருக்கும்வரை நாய் 'அவன்' ஆகும். குடும்பம் வெளியூர் செல்ல நேரும்போதோ, நாய் முதுமையுறும்போதோ, வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பாதபோதோ, அதே வாய் 'அதைக் கொண்டுபோய் விட்டாயிற்று' என்கிறது. வழுவமைதி நீங்கி வழாநிலை திரும்புகிறது. இம்மாற்றத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. இழப்பு முழுவதும் விலங்கினுடையது. உணர்ச்சியால் வந்த உயர்திணை உணர்ச்சியோடு போகும். அஃறிணையாக நிற்கும்போதும் குறையாத கடமையொன்றைக் கூறும் சொல்லே சட்டத்திற்கும் நல்வாழ்விற்கும் தேவை.

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் விரிவாக வகுக்கிறது. நாயின் குட்டியைக் குருளை என்றும், பெண்நாயைப் பாட்டி என்றும் பிணவு என்றும் அது கூறும். நுண்ணிய நோக்கின் வெளிப்பாடாகிய இப்பட்டியல்கள் விலங்கை வயதாலும் பாலாலும் பெயரிடுகின்றன. மனிதருக்கும் விலங்குக்கும் இடையிலான உறவைப் பெயரிடுவது அவற்றின் நோக்கம் அன்று. ஆகவே உறவுச்சொல்லை மரபின் பெயர்ப்பட்டியலில் தேடுவதைவிட, வளர், பேணு, காப்பாற்று என்னும் வினைகளில் தேடுதலே பயன் தரும்.

4. கடன் யாருக்கு?

தமிழ் மரபில் நாயைப் பற்றிய பாராட்டு பெரும்பாலும் நன்றியைப் பற்றியது. யானையையும் நாயையும் ஒப்பிட்டு நாயின் நட்பை உயர்த்தும் கருத்து நாலடியாரிலேயே உண்டு. 'சோறு போட்டவரை மறக்காது' என்பது இன்றும் நாய்க்குத் தரப்படும் நற்சான்று. இப்பாராட்டின் பொருண்மை அமைப்பை நோக்கினால், அதில் கடன்படுபவர் நாயே என்பது புலப்படும். மனிதர் சோறு போடுகிறார். நாய் நன்றியாலும் காவலாலும் அக்கடனைத் தீர்க்கிறது. காவல் காக்காத நாய் 'தண்டச்சோறு' ஆகிறது. தெருநாய்க்குச் சோறிடுதல், ஜீவகாருண்யம் என்னும் சொல்லுக்கு வள்ளலார் அளித்த அழுத்தத்தின் வழிநின்று, புண்ணியமாகவும் கொடையாகவும் கருதப்படுகிறது. கொடையும் கடமை அன்று. கொடுக்காதவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இவ்வுறவின் திசையைத் தலைகீழாக்குகிறது. விலங்கொன்றைப் பேணுபவர் அல்லது பொறுப்பில் வைத்திருப்பவர் எவராயினும் அதன் நலத்தைக் காக்கவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் உரிய நடவடிக்கை அனைத்தும் எடுத்தல் அவரது கடமை என்பது அதன் சாரம். இங்குக் கடன்படுபவர் மனிதர். நாய் நன்றி காட்டுமா, காவல் காக்குமா என்பது கேள்வியே அன்று. 11ஆம் பிரிவு இதனை மேலும் விளக்குகிறது: போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமை, எந்நேரமும் கட்டிவைத்திருக்கும் நாயை உலவவிடாமை ஆகியன குற்றங்களாகின்றன.

இப்பகுதியைத் தமிழில் விளக்குவோர் 'உரிமையாளர்' என்னும் சொல்லைக் கையாளுதல் பெருவழக்கு. இச்சொல் இரு வகையில் குறையுடையது. முதலாவதாக, அது சட்டத்தின் பரப்பைச் சுருக்குகிறது. சட்டம் தன் 2ஆம் பிரிவில், விலங்கை அவ்வேளையில் தன் வசத்திலோ காவலிலோ வைத்திருப்பவரையும் அதன் உடையவராகவே கொள்கிறது. வெளியூர் சென்ற நண்பரின் பூனையை ஒரு வாரம் வைத்திருப்பவரும் பொறுப்பாளரே. 'நான் உரிமையாளர் அல்லன்' என்று அவர் விலக முடியாது. இரண்டாவதாக, 'உரிமை' என்னும் அடிச்சொல் பெறுதலைக் குறிப்பது, கடமையைக் குறிப்பதன்று. கடமையை வகுக்கும் பிரிவு உரிமையைக் கூறும் சொல்லால் தொடங்குவது மொழிபெயர்ப்பில் நேர்ந்த முரண். 'பேணும் பொறுப்புடையவர்' என்னும் தொடர் சற்று நீண்டதாயினும் மூலத்திற்கு நெருங்கியது. அன்றாட அறிவிப்புக்கு 'வளர்ப்பவர்' என்பதே போதும்.

பிறமொழித் தாக்கத்தால் வந்த எல்லாச் சொல்லும் பொறுப்பைக் குறைப்பன என்று கூறுதல் பொருந்தாது. 'நாயைத் தத்தெடுத்தல்' என்னும் புதுவழக்கு ஆங்கிலத்தின் வழி வந்ததே. எனினும் தமிழில் தத்து என்பது குடிவழியோடு தொடர்புடைய கனமான சொல். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், முறையாக நிகழ்ந்த தத்தைப் பின்னர் நீக்கவியலாது என்கிறது. அந்த மீளாத்தன்மையின் நிழல் இப்புதுவழக்கிலும் படிந்துள்ளது. 'வாங்கிய' நாயை விற்கலாம். 'தத்தெடுத்த' நாயைத் திருப்பித் தருதல் சொல்லளவிலேயே கூச்சம் தருகிறது. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பு தமிழுக்கு நன்மையே செய்துள்ளது.

5. தெருநாயும் ஊர்ப்பொது நாயும்

2001ஆம் ஆண்டு நாய்ப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களை வீட்டு நாய், தெருநாய் என இரண்டாகப் பகுத்தன. 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் தெருவில் வாழ்வனவற்றைச் சமுதாயத்திற்கு உரியன என்னும் கருத்தோடு குறிப்பிட்டு, கைவிடப்பட்ட வீட்டு நாய்களையும் அவ்வகையில் அடக்கின. குடியிருப்போர் சங்கங்கள் தம் வளாகத்து விலங்குகளுக்கு உணவிடும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும் என்றும் பணித்தன. பெயர் மாற்றம் இங்குப் பொறுப்பு மாற்றமாகும். 'தெருநாய்' என்பது இருப்பிடத்தை மட்டும் கூறும் சொல்; தெருவுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதால் நாய்க்கும் யாரும் பொறுப்பில்லை என்னும் எண்ணத்திற்கு அது இடமளிக்கிறது.

புதிய தொடரைச் 'சமூக விலங்கு' எனப் பெயர்ப்பது பொருந்தாது. 'மனிதன் ஒரு சமூக விலங்கு' என்னும் வாக்கியத்தால் அத்தொடர் தமிழில் முன்பே வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'சமூகம்', 'சமுதாயம்' ஆகிய சொற்கள் பேச்சு வழக்கில் சாதியையும் குறிப்பதால் 'சமுதாய நாய்' என்பதும் வேண்டாத பொருளைத் தரக்கூடும். தமிழில் கூட்டுரிமையையும் கூட்டுக்கடமையையும் ஒருங்கே உணர்த்தும் சொல் 'ஊர்ப்பொது' என்பதாகும். ஊர்ப்பொதுக் குளத்தைத் தூர்வாரும் குடிமராமத்து ஊரார் அனைவரின் கடமையாக இருந்ததை நினைவுகொள்ளலாம். 'ஊர்ப்பொது நாய்' என்னும் தொடர் இம்மரபைத் துணைக்கொள்வது. 'பொதுச்சொத்து' என்பதற்கு இன்று வாய்த்துள்ள பொறுப்பின்மைப் பொருள் இத்தொடரையும் பற்றக்கூடும் என்பது மறுக்க முடியாதது; எனினும் மேற்கண்ட இரண்டினும் இது தக்கது.

மேலும் ஓர் இடைவெளி உள்ளது. வீடு உடையதாயினும் நாள்முழுதும் தெருவில் திரியும் நாயைச் சுட்டத் தனிச்சொல் இல்லை. மாட்டைப் பொறுத்தவரை, உடையவர் இருந்தும் கட்டின்றித் திரிவதைப் 'பட்டிமாடு' என்னும் சொல் குறித்தது. அது மேய்ந்த பயிருக்கு உடையவரே பொறுப்பானார். நாய்க்கு இத்தகைய சொல் அமையாமையால், வீட்டு நாய் தெருவில் கடித்தாலும் பழி 'தெருநாய்'மீது விழுகிறது, வளர்ப்பவர் மறைந்துகொள்கிறார். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம்மிடமுள்ள விலங்கால் பிறருக்கு ஊறு நேராமல் காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க வகைசெய்கிறது. அப்பிரிவு சுட்டும் மனிதரைத் 'தெருநாய்' என்னும் சொல் காட்டிக்கொடுப்பதில்லை.

6. விடுதலும் ஊசி போடுதலும்

முன்னுரையில் கண்ட 'விடு' என்னும் வினைக்குத் திரும்பலாம். தலைமை வினையாக அது நீங்குதல், நீக்குதல், கொண்டு சேர்த்தல் ஆகியவற்றையும், துணைவினையாக முற்றுப்பெற்ற நிலையையும் உணர்த்துகிறது. 'விட்டுவிடு' என்பதில் இரண்டும் இணைகின்றன. இதன் பொருள்மயக்கம் 2025இல் வெளிப்படையான சிக்கலாயிற்று. டில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கவேண்டும், மீண்டும் தெருவில் விடலாகாது என உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 11இல் ஆணையிட்டது. ஆகஸ்டு 22இல் அதனைத் திருத்தி, வெறிநோய் உடையன, அந்நோய் இருப்பதாக ஐயுறப்படுவன, மூர்க்கமானவை ஆகியன நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டவற்றைப் பிடித்த பகுதியிலேயே விடவேண்டும் என்றது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய வளாகங்களினின்று பிடித்தவற்றை அதே இடத்தில் விடலாகாது என்றது. மூன்று ஆணைகளின் வேறுபாடும் 'எங்கே விடுவது' என்னும் ஒரே புள்ளியைச் சார்ந்தது. இடத்தைக் குறிக்காமல் 'நாய்களை விட உத்தரவு' என்று எழுதும் தலைப்பு மூன்றனுள் எதனையும் உணர்த்தாது.

தீர்வு தமிழிலேயே உள்ளது. விதிப்படி திருப்பி அனுப்புவதைப் 'பிடித்த இடத்திலேயே சேர்த்தல்' எனலாம். குற்றமாகிய செயலைக் 'கைவிடுதல்' எனலாம். கட்டு நீக்குவதை 'அவிழ்த்துவிடுதல்' எனலாம். 'அப்புறப்படுத்துதல்' என்னும் சொல்லும் இவ்வாறே பிரித்துக் கூறப்படவேண்டும். குப்பைக்கு வழங்கும் அச்சொல் நாய்க்கு வழங்கும்போது, காப்பகத்திற்குக் கொண்டுசெல்வதா கொல்வதா என்பது தெளிவற்றுப் போகிறது. 2007இன் நிகழ்ச்சிகளை நினைவில் கொண்ட ஒரு நகரத்தில் இத்தெளிவின்மை சிறு குறை அன்று.

'ஊசி போடுதல்' என்பதும் இத்தகையதே. 'நாய்க்கு ஊசி போட்டாயிற்று' என்பது தடுப்பூசியையும் குறிக்கலாம். தீரா நோயுற்ற விலங்கின் உயிரை நோவின்றி முடிப்பதையும் குறிக்கலாம். பின்னதற்கு எழுத்துத்தமிழ் 'கருணைக்கொலை' என்கிறது. கன்னடம் 'தயாமரண' என்கிறது. ஒன்று கொலையாகவும் மற்றொன்று மரணமாகவும் பெயர் பெறுகிறது. வேதனையில் கிடக்கும் நாயின் அருகே நின்று முடிவெடுக்க வேண்டிய குடும்பத்திற்குக் 'கொலை' என்னும் சொல் தரும் குற்றவுணர்ச்சி, அவ்வேதனையை நீட்டிக்கவும் கூடும். 'நோவற்ற இறப்பு' என்னும் தொடர் செயலின் நோக்கத்தைக் கூறுகிறது.

விலங்கு நலத்தின் ஐந்து அடிப்படைகளைப் பெயர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். 1965ஆம் ஆண்டுப் பிரிட்டானியக் குழு அறிக்கையொன்றில் வேர்கொண்டு வளர்ந்த இக்கோட்பாட்டை, ஜல்லிக்கட்டு தொடர்பான 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் முதற்கூறு பசியினின்று விடுபட்டிருத்தல். இதனைச் சுருக்கிப் 'பசியின்மை' என்றால், அது நோயின் அறிகுறியாகிவிடும். எதிர்மறை ஈற்றால் எல்லா விடுதலையையும் பெயர்க்க முடியாது. 'பசிக்கு ஆளாகாமை' என்பதே பொருளைக் காக்கும்.

7. வெறிநாயும் நீர்வெறுப்பும்

சொற்பிழை உயிரிழப்பாக முடியக்கூடிய இடம் ரேபிஸ் நோய் பற்றியது. தமிழில் இந்நோய்க்கு 'வெறிநாய்க்கடி' என்றும் 'நீர்வெறுப்பு நோய்' என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வன.

'வெறிநாய்க்கடி' என்னும் தொகை, கடித்த நாய் கண்ணுக்குத் தெரியும்படி வெறிகொண்டிருந்தது என்னும் முற்கோளை உடையது. அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே நோய்க்கிருமி நாயின் உமிழ்நீரில் இருக்கக்கூடும். 'நம் வீட்டுக் குட்டிதானே, வெறிநாய் இல்லையே' என்று சொல்லி ஊசியைத் தவிர்ப்பவர், சொல்லின் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். பிழை சொல்லில் உள்ளது. மேலும் பூனைக்கடியாலும் கீறலாலும் இந்நோய் பரவக்கூடும் என்பதை 'நாய்' என்னும் கூறு மறைத்துவிடுகிறது.

'நீர்வெறுப்பு' என்பது மனிதரிடம் தோன்றும் அறிகுறி. நீரைக் கண்டதும் அஞ்சித் தொண்டைத் தசைகள் இறுகுதலே அது, வெறுப்பு அன்று. நாய்களிடம் இவ்வறிகுறி காணப்படுவதில்லை. ஆயினும் நோயின் பெயரே இதுவாதலின், 'நாய் தண்ணீர் குடிக்கிறது. ஆகவே நோயில்லை' என்னும் நம்பிக்கைக்கு அது இடமளிக்கிறது. அறிகுறிகள் வெளிப்பட்டபின் இந்நோயினின்று பிழைப்பது மிக மிக அரிது. கடியுண்டவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவித் தடுப்பூசி தொடங்குவதே காக்கும். இவ்விடத்தில் தூய தமிழ்ச்சொல்லினும் 'ரேபிஸ்' என்னும் கடன்சொல்லே பாதுகாப்பானது. அது எந்த முற்கோளையும் தூண்டுவதில்லை. பெங்களூருவின் மருத்துவமனைகளில் கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒருங்கே அறிவது.

ஊசி பற்றிய நினைவும் சொல்வழி வாழ்வது. நரம்புத்திசுவினின்று செய்த பழைய மருந்தை வயிற்றில் பல நாள் செலுத்திய முறை இந்தியாவில் 2005ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. எனினும் 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்னும் தொடர் இன்றும் அச்சத்தை விளைவிக்கிறது. இன்றைய ஊசி கையில் போடப்படுவது, எண்ணிக்கையிலும் குறைந்தது. அறிவிப்பு எழுதுவோர் 'ஊசி போட்டுக்கொள்க' என்பதோடு நில்லாமல் 'கையில்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால், அச்சொல் ஒரு பத்தி விளக்கத்தின் பணியைச் செய்யும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. வீட்டு விலங்கைக் குறித்த இன்றைய தமிழ் எழுத்துவழக்கு, அன்பைக் கூறும் 'செல்ல'த்தையும் உடைமையைக் கூறும் 'உரிமை'யையும் முன்னிறுத்தி, பொறுப்பைக் கூறும் வினைகளைப் பின்தள்ளியுள்ளது. மரபான நன்றிச் சொல்லாட்சியில் கடன் விலங்கின்மேல் உள்ளது; சட்டத்தில் அது மனிதர்மேல் உள்ளது. மொழிபெயர்ப்பாளர் இத்திசை மாற்றத்தை உணராது மரபுச்சொல்லைக் கையாண்டால் சட்டம் தன் பொருளை இழக்கும். விடு, ஊசி போடு, அப்புறப்படுத்து முதலிய பல்பொருள் வினைகள் அறிவிப்பு மொழியில் பிரித்து எழுதப்படவேண்டும். நோயின் பெயரில் கடன்சொல்லே தக்கது.

இவற்றிற்கு வேண்டிய சொற்களுள் பெரும்பாலானவை புதியன அல்ல. வளர்ப்பவர், பேணுதல், கைவிடுதல், ஊர்ப்பொது என்பன தமிழ் பேசும் எவரும் அறிந்தவை. பெங்களூருவில் வீடு மாற்றும் ஒரு குடும்பத்தின் முன், வாசலில் நிற்கும் நாயைப் பற்றி இருவகை வாக்கியங்கள் உள்ளன. 'செல்லப்பிராணியை விட்டுவிட்டோம்' என்பதைக் கூசாமல் சொல்ல முடிகிறது. 'வளர்த்ததைக் கைவிட்டோம்' என்பதை அவ்வாறு சொல்ல முடிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாம் வாக்கியத்தின் சொற்களையே.